கீழே என்றால் எந்தப் பக்கம்

என் மனைவி அப்போது மேலே இருந்தாள். அவசரப்பட்டு மாலை வாங்கிவிடாதீர்கள். அவள் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மஸ்கட் எங்களுக்கு மேற்கே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மேற்கு என்றால் மேலே, கிழக்கு என்றால் கீழே. மேலண்டை வீடு, கீழண்டை வீடு என்றுதான் பேச்சு. மேல்விஷாரம் என்ற பெயரைக் கேட்டுக் குன்றின்மேல் ஓர் ஊரை எதிர்பார்த்துப் பேருந்தை விட்டு இறங்கியவர்கள் உண்டு. ஊர் தட்டையாகத்தான் இருக்கும். கீழ்விஷாரத்துக்கு மேற்கே இருப்பதால் அது மேல். வேறு பெருமை ஒன்றுமில்லை. பாலாறும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துப்போகிறது. வாணியம்பாடிப் பக்கம் நுழைந்து, ஆம்பூரைத் தொட்டு, வேலூரை நோக்கிக் கிழக்கே இறங்குகிறது. இறங்குவது கீழேதானே? தண்ணீர் ஓடிய காலத்தில் அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும். நான் அதிகம் பார்த்தது மணலை லாரியில் ஏற்றியதைத்தான்.

இந்த மேல் கீழ் விவகாரத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் அடித்த கூத்தைப் படிக்கும்போது நீங்கள் கொஞ்சமாவது என் பக்கம் நிற்க வேண்டும்.

தொண்ணூறுகள் முழுக்க நான் ஒரு பத்திர எழுத்தரிடம் எழுத்து வேலை பார்த்தேன். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், டீக்கடையை ஒட்டி எங்கள் மேசை. மனை, புஞ்சை, தோல் கிடங்கு எது கைமாறினாலும் அதற்குச் செக்குபந்தி எழுத வேண்டும். நிலத்தின் நாலு பக்கமும் என்னென்ன இருக்கின்றன என்று எழுதுவதற்குத்தான் அந்தப் பெயர். நிலத்துக்காரர் வாயால் சொல்வார்: "எனுக்கு மேலண்ட பங்காளி வூடு, கீழண்ட பொதுச் சுவரு." நான் அதைப் பத்திரத் தமிழில் மாற்றி எழுதுவேன். பத்து வருஷம் இதையே செய்தவன் காதில் 'கீழ' என்ற சொல் விழுந்தால் கழுத்து தானாகக் கிழக்கே திரும்பும். எனக்குத் திரும்பியது. எழுத்தர் காலமானதும் அவர் மகன் அந்த மேசையில் செல்போன் ரீசார்ஜ் அட்டைகளை அடுக்கினான். நான் வீட்டுக்கு வந்தேன். அந்த வருஷம்தான் அவள் மஸ்கட்டுக்குப் போனாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று போனவள், அது முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷம் இருந்தாள். காரணம் அவள் ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் நான்தான். ஷூ கம்பெனியில் டைம் கீப்பர், கல்யாண மண்டபத்தில் மேனேஜர், பேரணாம்பட்டில் பீடி இலைக் கிடங்குக்குக் காவல் என்று நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஆறு மாதத்தில் அது மடங்கிவிடும். பிள்ளை என்ற பேச்சு வந்தால் இருவரும் "வந்ததும்" என்போம். எப்போது வந்ததும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி மாலை நாலு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். கார்டு தீரும்வரை பேச்சு. தீரப்போகும் நேரத்தில் நடுவில் ஒரு பெண்குரல் புகுந்து, இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும். அந்தப் பெண்ணை வெறுத்த அளவுக்கு நான் வேறு யாரையும் வெறுத்ததில்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற ஆறு நாட்களும் எனக்கு வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாட்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆனபோது ஆம்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வாணியம்பாடி முதல் பேரணாம்பட்டு வரை, தோல் ஷெட்டுகளைச் சுற்றியிருக்கும் தெருக்களில் உள்ள அடிபம்புகளைக் கணக்கெடுத்து, எதில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் காட்ட வேண்டும். பழைய நில ஆவணம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னை எடுத்தார்கள். ஒரு ஜீப்பும் ஒரு டிரைவரும் கொடுத்தார்கள். டிரைவர் பேரணாம்பட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை பாய் என்பேன். அவர் மற்றவர்கள் எதிரில் என்னை சார் என்பார், தனியாக இருக்கும்போது தோஸ்த்.

நான் பம்பின் அருகில் நின்று கைக்கருவி காட்டும் எண்களைக் குறிப்பேன். அந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை அந்த எண்கள் சொல்லும். பாய் பம்பை அடித்து, உள்ளங்கையில் ஏந்தி, ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவார்.

"உப்பு ஜாஸ்தி தோஸ்த். கொழம்புக்கு ஊத்தலாம், உப்பு மிச்சம்."

உப்பு அளக்க நிறுவனம் தந்த கருவியும் பாயின் நாக்கும் ஒரு நாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

மூன்று மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு பம்புகள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய முதல் நாளே, வடக்கு எண் இருக்க வேண்டிய கட்டத்தில் கிழக்கு எண்ணையும் கிழக்கில் வடக்கையும் போட்டுவிட்டேன். ஆம்பூர் மொத்தமும் எழுந்து போய் வடதுருவத்துப் பக்கம் பனியில் உட்கார்ந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் இந்த மென்பொருளைச் சொல்லித்தரும் மேடம் ஒருவர் இருந்தார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் மேடம் மேடம்தான். அவர் போனில், "சார், அங்க பனிக்கரடிதான் பம்பு அடிக்கும்" என்றார். எண்களை மாற்றிப் போட்டதும் ஊர் திரும்பி வந்தது. கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

ஆனால் ஊர் வந்தும் ஊர் மாதிரி இல்லை. வெள்ளைத் திரையில் உப்புக்குச் சிவப்பும் நல்ல தண்ணீருக்குப் பச்சையுமாக வெறும் புள்ளிகள். பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வெள்ள வேட்டில ரசம் தெறிச்சா மாரி கீது. இதுல எங்க தெரு எங்க?"

அதற்குத்தான் பின்னணிப் படம் வேண்டும் என்றார் மேடம். ரோடு, ஆறு, ஏரி எல்லாம் பின்னால் தெரிந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு எந்தப் பம்பு எங்கே என்று புரியும். பழைய சர்வே வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து சி.டி.யில் கூரியர் அனுப்பினார். அதற்கு முன்பே என்னைச் சென்னைக்கு வரவழைத்து இரண்டு நாள் பாடம் நடத்தியிருந்தார். வரைபடத்தின் நாலு மூலைக்கும் பூமியின் எண்களைக் கொடுத்து, ஆணி அடித்தது போல் அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் படத்தை அப்படியே பிடித்து நகர்த்த ஒரு கருவி இருந்தது. இரண்டு நாள் பாடத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது அந்தக் கருவி ஒன்றுதான். ஓர் ஊரையே ஏரி, கோயில், மசூதி சகிதம் மவுஸால் பிடித்து நகர்த்தலாம் என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது?

வேலை ஒரு வருஷத்துக்குத்தான். அந்த வருஷம் முடியப்போகிற வேளையில், நிதி தருகிறவர்கள் ஒரு வியாழக்கிழமை பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வரைபடம் அவர்களுக்குப் பிடித்தால் திட்டம் இன்னும் மூன்று வருஷம் நீளும். என் நாற்காலியும் நீளும். பிடிக்காவிட்டால் மடங்கும்.

அதே வாரம் புதன்கிழமை மஸ்கட்டில் அவள் ஒரு படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குத் தொடர்கிறாயா, இல்லையா என்று. அங்கே பகல் இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். நமக்கு அது மூன்றரை. முந்தைய வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்:

"ஏங்க, உங்க வேல நெலைக்கும்னு சொல்லுங்க, நான் கையெழுத்து போடல. பெட்டி கட்டிணு வந்துர்றேன்."

"நெலைக்கும். புதன்கிழம மத்தியானம் போன் பண்ணு. மேப்பு முடிஞ்சிருக்கும். மேப்பு முடிஞ்சா வேல நெலச்சா மாரிதான்."

"இல்லன்னா?"

"இல்லன்னாவே இல்ல."

நாக்கில் சனி என்பார்கள். என் நாக்கில் அது வாடகைக்கே இருந்தது.

புதன்கிழமை காலை. சி.டி.யைப் போட்டேன். நாலு மூலைக்கும் எண் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். சர்வே வரைபடம் திரையில் வந்து உட்கார்ந்தது. அடடா, என்ன அழகு. பாலாறு நீலமாக ஓடுகிறது. ஏரிகளில் தண்ணீர். ரயில் பாதை கறுப்புக் கோடாக ஊர் ஊராகப் போகிறது. ஆம்பூர், அந்தப் பக்கம் பேரணாம்பட்டு, தெற்கே மலை ஓரம் ஆலங்காயம். ஒரு நிமிஷம் மெய்மறந்து பார்த்தேன். அடுத்த நிமிஷம் பம்புகளைத் தேடினேன்.

ஒன்றுகூட இல்லை.

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், சிரித்துவிடுங்கள். முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு திரையைத் துடைத்தேன். திரையை அணைத்துப் போட்டேன். படிக்கட்டில் இறங்கி ஓடி, ஜீப்புக்கடியில் படுத்திருந்த பாயின் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"பாய், பம்பு எல்லாம் போச்சி! இருநூத்தி பதினாலும்!"

பாய் கையில் கிரீஸோடு என்னைப் பார்த்தார். "எவன் புடுங்கினான்? சிமெண்ட் போட்டு நட்டு கீதே. நேத்துகூட நம்ம தெரு பம்புல எங்க வூட்ல தண்ணி புடிச்சாங்க."

"கம்ப்யூட்டர்ல பாய்!"

"அத சொல்லு. பேஜார் பண்ணாத. கம்ப்யூட்டர்ல போனா போவட்டும், தெருவுல கீது இல்ல?"

அவர் மறுபடி ஜீப்புக்கடியில் போய்விட்டார். நான் மேலே ஓடி சென்னைக்குப் போன் போட்டேன். மேடம் எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு முறை போட்டேன், எடுக்கவில்லை. நான் அழித்துவிட்டேன், படத்தைச் சேர்க்கிறேன் என்று பம்புகளின் தலையில் கை வைத்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு மேளக் கோஷ்டி வாசிக்க ஆரம்பித்தது. மூன்று மாதம் வெயிலில் அலைந்தது போச்சு. நாளைக்கு வருகிறவர்களுக்கு வெறும் ரோட்டைக் காட்டப் போகிறேன். அந்தச் சமயத்தில் கைபேசி அடித்தது. மேடம் என்று நினைத்து எடுத்தேன். அவள்.

"இன்னா ஆச்சிங்க? மேப்பு முடிஞ்சிதா?"

"போச்சிம்மா."

"இன்னா போச்சி?"

"எல்லாம் போச்சி. ஒரு பம்புகூட இல்ல."

"நிதானமா சொல்லுங்க. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் கீது. நான்தான் கெட்டுப் போனேன். மொத்தமும் அழிச்சிட்டேன். நாளைக்கி வர்றவங்க பாத்துட்டு சிரிச்சிட்டுப் போவாங்க. வேல அவ்ளோதான்."

"அந்த மேடத்த கேட்டீங்களா?"

"எடுக்கல. எடுத்தா மட்டும் இன்னா? அழிஞ்சது அழிஞ்சதுதான்."

நோயாளியிடம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் போச்சு, போச்சு என்றே பதில் சொன்னேன்.

"சரி, அழுவாதீங்க."

"நான் எங்க அழுதேன்?"

"மூக்கு உறியறீங்க."

"ஏ.சி. ஒத்துக்கல."

"உங்க ஆபீஸ்ல ஃபேனே ஓடாது."

அந்தப் பெண்குரல் குறுக்கே வந்தது. ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் படிவத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

மேடத்திடமிருந்து போன் வந்தபோது மணி மூன்று. ஏதோ கூட்டத்தில் இருந்தாராம். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"சார், அழியல. புதுசா சேர்த்த லேயர் மேல வந்து உக்காந்திருக்கும். மேப்ப கீழ கொண்டு போங்க, அவ்ளோதான்."

கீழ கொண்டு போங்க. என் கழுத்து கிழக்கே திரும்பியது. இதுதானா விஷயம்! மேலண்டை உட்கார்ந்திருக்கிற படத்தைக் கீழண்டை தள்ள வேண்டும். எனக்குப் பிரியமான நகர்த்தும் கருவியை எடுத்து, வரைபடத்தைக் கெட்டியாகப் பிடித்து, ஒரு சாண் கிழக்கே தள்ளினேன்.

"தள்ளிட்டேன் மேடம்."

"பம்பு தெரியுதா?"

"இல்ல மேடம்."

"இன்னும் கீழ."

இன்னும் கிழக்கே தள்ளினேன். வரைபடத்தின் மேற்கு ஓரம் நகர நகர, அதற்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. பிறகு பத்து. பிறகு ஒரு கொத்து.

"மேடம்! வாணியம்பாடி வந்துடுச்சி மேடம்!"

"என்னது?"

"வாணியம்பாடி வந்துடுச்சி. இன்னும் கொஞ்சம் தள்ளனா ஆம்பூரும் பேரணாம்பட்டும் ஒண்ணா வந்துடும்."

"சார், ஒரு நிமிஷம். நீங்க எதத் தள்றீங்க?"

"நீங்க சொன்னதத்தான். மேப்ப கீழண்ட தள்ளிணு கீறேன்."

"கீழண்டன்னா?"

"கிழக்க மேடம்."

"அய்யோ, யாரு சார் உங்கள கிழக்க தள்ளச் சொன்னது?"

"நீங்கதான் மேடம். கீழன்னீங்க இல்ல?"

சென்னையில் ஒருவர் நாற்காலியிலிருந்து விழுகிற சத்தம் எனக்கு ஆம்பூரில் கேட்டது. சிரித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். லேயர் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. பம்புகள் ஒரு தாள், வரைபடம் ஒரு தாள். வரைபடத் தாளில் இடைவெளியே கிடையாது. அது மேலே இருந்தால் அடியில் இருப்பது தெரியாது. திரையின் இடது பக்கம் தாள்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் வரைபடத்தின் பெயரைப் பிடித்துப் பம்புகளின் பெயருக்குக் கீழே விட வேண்டும்.

"தள்ளினத சேவ் பண்ணிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்ல வேள. அப்படியே விட்டுட்டு மறுபடி திறங்க."

திறந்தேன். பெயரைப் பிடித்தேன். ஒரு வரி இறக்கினேன். இருநூற்றுப் பதினான்கு பம்புகளும் அதனதன் தெருவில், பாலாற்றின் நீலத்துக்கு இரு கரையிலும் பளிச்சென்று நின்றன. காலையிலிருந்து அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன. எனக்குத்தான் தெரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது.

என் கைபேசியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகாது. படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி, எதிர் எஸ்.டி.டி. பூத்தில் ஏற்கெனவே உள்ளே இருந்தவரை "எமர்ஜென்சி சார், எமர்ஜென்சி" என்று வெளியே இழுத்துவிட்டு, அவளுடைய ஹாஸ்டல் எண்ணைப் போட்டேன். எடுத்தது ஒரு மலையாளப் பெண்.

"சேச்சி டியூட்டிக்குப் போயல்லோ."

"ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி ஒரே ஒரு விஷயம் சொல்லணும்மா. அர்ஜென்ட். பம்பு கெடச்சிடுச்சின்னு சொல்லுங்க."

"எந்தா? பாம்போ?"

"பாம்பு இல்ல, பம்பு. இருநூத்தி பதினாலு பம்பு! எல்லாம் வீட்லதான் கீது, எங்கயும் போவலன்னு சொல்லுங்க!"

"என்டம்மோ, இருநூறு பாம்போ!"

டொக்கென்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். யாரும் எடுக்கவில்லை. பூத்துக்கு வெளியே நின்றவர், நான் இழுத்துவிட்ட கோபம் மறந்து, "எந்த வூட்ல சார் அத்தினி பாம்பு?" என்று கேட்டார். மணி மூன்று நாற்பது.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். வரைபடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒருவர் நீலக் கோட்டைத் தொட்டு, "ஆத்துல தண்ணி ஓடுதா?" என்று கேட்டார். "மேப்புல ஓடுது சார்" என்றேன். சிரித்தார்கள். திட்டம் மூன்று வருஷம் நீண்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் போன். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "வேல நெலச்சிடுச்சிம்மா. மூணு வருசம்."

"தெரியும். அந்தப் பொண்ணு வார்டுக்கே ஓடி வந்து, சேச்சி உங்க வீட்ல இருநூறு பாம்புன்னு அழுவறா. எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சி, உங்களுக்கு பம்பு கெடச்சிடுச்சின்னு."

"அப்ப கையெழுத்து?"

"அதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துட்டேங்க. உங்ககிட்ட பேசிட்டு நேரா போய் குடுத்துட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன்."

"வாபஸ் வாங்க முடியாதா?"

"கேட்டேன். என் எடத்துக்கு வர இருந்தவள வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சென்னை மேடம் பெரிய கில்லாடி, அழிந்துபோனதை எப்படியோ மீட்டுக் கொடுத்துவிட்டார் என்றேன். எதுவுமே அழியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கார்டு தீரும்போது அவள் "வந்ததும்" என்றாள். நானும் "வந்ததும்" என்றேன்.

அந்த இரண்டு வருஷத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், பின்னணிப் படம் சேர்த்துக் கழித்தேன். ரோட்டுப் படம், மண் வகைப் படம், ஊர் எல்லைப் படம் என்று எது கிடைத்தாலும் சேர்த்தேன். கை தேறிவிட்டது. மேடமே புதிதாக வருகிறவர்களை ஆம்பூருக்கு அனுப்பி, "அவர்கிட்ட கத்துக்குங்க, ஆனா கீழன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்பார். மென்பொருளோடு வந்த உலகப் படம் ஒன்றும் இருந்தது. வேலை இல்லாத மதிய நேரத்தில் அதைத் திறந்து, அரபிக் கடலைத் தாண்டி, மஸ்கட்டில் ஒரு புள்ளி வைத்தேன். மோசமான படம், கரை எது, கடல் எது என்று சரியாக இருக்காது. வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன்:

"உன்ன மேப்புல வெச்சேன். நீ கடல்ல வுழுந்துட்ட."

"எனுக்கு நீந்தத் தெரியாதுங்க. சீக்கிரம் வந்து தூக்குங்க."

"இரு, பாயைக் கேட்டுட்டு ஜீப் எடுத்துணு வர்றேன்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு லைன் முழுக்க ஓர் இரைச்சல் மட்டும் ஓடியது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், நீலத்தின் நடுவில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி. அதை நான் இடம் மாற்றவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒருமுறை போய்ப் பார்ப்பேன், அங்கேயே இருக்கிறாளா என்று.

அவள் திரும்பி வந்த மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, என் ஆபீஸைப் பார்க்க வந்தாள். பாய் வேலூருக்குப் போயிருந்தார். அவளுக்கு என் நாற்காலியைக் கொடுத்து நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அந்த மேப்ப காட்டுங்க."

காட்டினேன். பம்பு பம்பாகப் பார்த்தாள். தன் சித்தி வீட்டுத் தெரு பம்பைக் கண்டுபிடித்து, "இது உப்பா? அதான் சித்தி வூட்டு காபி அப்டி" என்றாள். பிறகு கேட்டாள்:

"அன்னிக்கி எப்டிப் போச்சி இதெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பழக்கமும் இருந்தது. மவுஸை எடுத்து, வரிசையில் வரைபடத்தின் பெயரை மேலே ஏற்றினேன். பம்புகள் மறைந்தன. அவள் "அய்யோ" என்று என் கையைப் பிடித்தாள். பெயரைக் கீழே இறக்கினேன். எல்லாம் வந்தன.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அப்ப அழியவே இல்ல?"

"இல்ல. அடியில இருந்திச்சி."

"மேடம் மீட்டுக் குடுத்தாங்கன்னீங்க."

அவள் மவுஸை என் கையிலிருந்து வாங்கினாள். மெதுவாக மேலே ஏற்றினாள். பார்த்தாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்காக இரண்டு வருஷமாகப் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். அதில் மூன்று நல்ல நகைச்சுவையானவை. அவள் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"இந்நேரம் க்யூல நின்னுட்டு இருப்பேன்."

"எந்தக் க்யூ?"

"போன் க்யூதான். ஹாஸ்டல் கேட்டாண்ட ஒரே ஒரு பூத்து. வெள்ளிக்கிழம எல்லாருக்கும் லீவு. உங்களுக்கு நாலு மணிக்கி போன் வரணும்னா நான் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் வெயில்ல நிக்கணும். அஞ்சி நிமிசம் லேட்டானா எங்க போய்ட்டன்னு கத்துவீங்க. முன்னாடி நிக்கிறவ அவ கொழந்தகிட்ட பேசிணு இருப்பா. எப்டிங்க கையிலேந்து புடுங்கறது?"

"நீ சொன்னதே இல்லியே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஃபேன் ஓடவில்லை. நாலு மணி ஆகும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் என் கைபேசி இருந்தது. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் அது ஒருமுறை அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.